லோட்டி கேர்ன்ஸ் வைத்த பாக்கி

காலையிலிருந்தே டெல்மரின் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. காப்பிக் கோப்பையின் காதைப் பிடித்தவை பிடித்தபடியே பூட்டிக்கொண்டன. இடது கையால் ஒவ்வொன்றாக நெம்பித்தான் கழற்ற வேண்டியிருந்தது. கழலும்போது கணுவுக்குள் ஏதோ டொக்கென்று குதித்து வலி முழங்கை வரைக்கும் ஓடியது. இருபத்திரண்டு வருஷம் மாடு அறுக்கும் ஆலையின் குளிர் அறையில் எலும்பிலிருந்து இறைச்சியை வழித்த கை அது. ஆலை அவனை வெளியே அனுப்பி ஒன்பது வருஷமாகிவிட்டது. குளிர் வந்தால் கை மட்டும் இன்னும் கத்தியைப் பிடித்திருப்பதாகவே நினைத்துக்கொள்கிறது.

அந்தக் கையோடுதான் அன்று லாரியை ஓட்டிக்கொண்டு வைசாங் பண்ணைக்குப் போனான்.

அங்கே சமையலறையில் பகல் இரண்டு மணிக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில். பனிமேல் பட்டுக் கண்ணைக் குத்துகிற பிப்ரவரி வெயில். ஆனால் மேற்கு ஜன்னலின் குறுக்கே பலகை அறைந்திருந்தார்கள். ஆணியெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தன, பல வருஷத்துப் பலகை. மற்ற ஜன்னல்களில் தீவனச் சாக்கு தொங்கியது.

டெல்மர் அதை மனதில் குறித்துக்கொண்டான். விற்கிறவன் வீட்டில் வெளிச்சம் குறைவாக இருந்தால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். கோப்பையில் ஒட்டுப் போட்டிருப்பான், துப்பாக்கியின் வரிசை எண்ணை அரத்தால் ராவி மாற்றியிருப்பான். பழம்பொருள் வாங்கி விற்கிற இந்த ஒன்பது வருஷத்தில் அவன் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

"உக்காரு தம்பி. காப்பி ஊத்தட்டுமா?" என்றாள் ஓப்பல். எழுபது வயசிருக்கும். முன்கை இரண்டும் ஆம்பிளைக்கு இருப்பதுபோல் கட்டையாக இருந்தன.

"வேணாங்க. கடுதாசியப் பாத்துட்டுக் கெளம்பறேன்."

"என்னா அவசரம்? பொணத்துக்குப் பொட்டி அளக்க வந்தவன் மாதிரி நிக்கறானே" என்றார் மேசைக் கடைசியில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் வெர்ஜில். தீவனக் கம்பெனித் தொப்பி போட்டிருந்தார். இடது கை மேசைமேல். வலது கை கீழே, மடியில்.

டெல்மர் உட்கார்ந்தான்.

"பண்ணைய வித்தாச்சு. டேட்டன்ல மக வீட்டுக்குப் போறோம்" என்றாள் ஓப்பல். "அங்க ரெண்டு வாண்டு இருக்கு. எதப் பாத்தாலும் தூக்கிப் பாக்கற வயசு. இத அந்த வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன். அதனாலதான் விக்கறது."

கேக் வைக்கும் தகர டப்பாவைத் திறந்தாள். உள்ளே விரலை விடவில்லை. கேக் எடுக்கிற தட்டைக் கரண்டியால் அந்தத் தாளை ஏந்தி, சூடான ரொட்டியை இறக்குவதுபோல மெதுவாக மேசைமேல் சரியவிட்டாள்.

லோட்டி கேர்ன்ஸின் கையெழுத்து. மேல்நோக்கி ஏறும் வரிகள், வால் வெட்டின ஓ. டெல்மர் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டான்.

நூறு வருஷத்துக்கு முன் சர்க்கஸ் மாதிரிக் கூடாரக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போய்த் துப்பாக்கி வித்தை காட்டியவள் லோட்டி. அவள் கைப்பட எழுதினது எது கிடைத்தாலும் சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்வார்கள். பறக்கிற கண்ணாடி உருண்டையைச் சுட அந்தக் காலத்தில் நூறு பேர் இருந்தார்கள். லோட்டியின் வித்தை வேறு. இலக்குக்கு முதுகைக் காட்டி நிற்பாள். துப்பாக்கியைத் தோள்மேல் பின்பக்கமாகச் சாய்ப்பாள். இடது கையில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி. அதில் பார்த்துக்கொண்டே, முப்பது தப்படி தள்ளி ஒரு ஆள் விரல்நுனியில் பிடித்திருக்கிற சீட்டில் ஆறு குண்டு போடுவாள். அந்த ஆள் ஆமோஸ் வைசாங். வெர்ஜிலின் தாத்தா.

டெல்மர் குனிந்து படித்தான்.

'ஆமோஸ். டோலிடோவில் மூவாயிரம் பேர் பார்த்திருக்க நீ கையை இறக்கிவிட்டாய். ஒரு குண்டுகூட நான் போடவில்லை. பதினோரு வருஷத்தில் நான் சுடாமல் இறங்கின மேடை அது ஒன்றுதான். இங்கே ஆஸ்பத்திரியில் நெஞ்சு போய்விட்டது என்கிறார்கள். கண் போகவில்லை. உனக்கு நான் ஆறு குண்டு பாக்கி. பாக்கி வைத்துப் போகிற பழக்கம் எனக்கில்லை. இந்தத் தாளை எங்கே நின்று பிடித்தாலும் சரி, யார் பிடித்தாலும் சரி. உன் முகத்தை நான் என்றைக்கும் பார்த்ததில்லை, கண்ணாடியில் உன் கையைத்தான் பார்ப்பேன். இந்தத் தடவை கையை ஆட்டாதே. ஆட்டினால் குண்டு எங்கே போகும் என்று நான் சொல்ல முடியாது. லோட்டி.'

அவள் சாவதற்கு நாலு நாள் முந்தைய தேதி. தாளின் நடுவில் ஓட்டைகள் இருந்தன. சின்னதாக, வட்டமாக, ஓரம் லேசாகக் கருகி. எண்ணினான். ஐந்து.

மூக்கை இறக்கி மோந்தான். பழைய தாளின் புழுங்கல் வாடைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. கெட்டுப்போன முட்டை போல, எரிந்த வெடிமருந்து. ஆலையில் மாட்டின் நெற்றியில் வைத்து அழுத்துகிற துப்பாக்கியிலிருந்து வருமே, அந்த வாடை. நூறு வருஷத்துத் தாளில் அது ஏன் நேற்று வெடித்ததுபோல் இருக்கிறது?

ஏன் என்று அவனுக்கு உடனே தோன்றிவிட்டது. நேற்று வெடித்ததாகத்தான் இருக்கும். ஓட்டை விழுந்த லோட்டி சீட்டுக்கு, விழாததைவிட நாலு மடங்கு விலை. கடிதத்திலும் ஓட்டை போட்டால் ஏறும் என்று எவனோ கணக்குப் போட்டிருக்கிறான்.

"இந்த ஓட்டை?"

"அது வரும்போது இல்ல" என்றாள் ஓப்பல்.

"அப்பறம் யாரு போட்டது?"

"தூக்கினவங்களக் கேக்கணும்."

வெர்ஜில் சிரித்தார். சிரிப்பில் சந்தோஷம் ஒன்றுமில்லை. "மொத மூணும் எங்க தாத்தா காலத்துது. முதல் ரெண்டு தடவ வெளிச்சத்துல வச்சுப் படிச்சாரு, ஆடாம அசையாம நின்னாரு, ஓட்ட தாளோட போச்சு, அவருக்கு ஒன்னும் ஆகல. பழக்கம் இல்லியா? மூணாந்தடவ வயசாயிடுச்சு, கை நடுங்குச்சு. ஜன்னல்கிட்டயே செத்துக் கெடந்தாரு. நாலாவது எங்கப்பன். அந்தாளு குடிச்சா தூண் மாதிரி நிப்பான், தப்பிச்சான்."

"அஞ்சாவது?"

வெர்ஜில் வலது கையை மேசைமேல் எடுத்து வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அடிவரைக்கும் இல்லை. மிச்சம் மூன்று விரல் நண்டுக்கால் போல மடங்கிக் கிடந்தன.

டெல்மர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சோளம் அறுக்கிற இயந்திரத்தில் விரலை விட்டவர்கள் அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. கதை கட்ட நல்ல கை.

"எரிச்சிட வேண்டியதுதானே?"

"கடன் பத்திரத்த எரிச்சா கடன் தீந்துடுமா? இன்னும் ஒன்னு இருக்கு தம்பி" என்றாள் ஓப்பல். "மேசையில வச்சுப் படி. கண்ணாடிச் சட்டத்துல போட்டு மாட்டு. தூக்கி மட்டும் பிடிக்காத. வெளிச்சத்துக்கு நேரா பிடிக்கவே பிடிக்காத. வாங்கறவன்கிட்டயும் சொல்லு. சொல்லுவேன்னு இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவனுக்குள் ஏதோ டக்கென்று சரியான இடத்தில் உட்கார்ந்தது.

வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்காதே. அதுதானே விஷயம்! லோட்டி எழுதினது எல்லாமே ஒரே காகித ஆலையின் தாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால் தாளுக்குள் நீர்க்குறியாக ஒரு மணி தெரியும், கோவில் மணி வடிவத்தில். மணி இருந்தால் லோட்டி. இல்லாவிட்டால் குப்பை. தொழிலில் இருக்கிற எவனும் காகிதத்தை வாங்கியதும் செய்கிற முதல் காரியம் அது. விரல்நுனியில் பிடி, முகத்துக்கு நேரே தூக்கு, ஜன்னலைப் பார். இந்தக் கிழவி அதைச் செய்ய விடாமல் இருக்க, மூன்று தலைமுறைக் கதையும் ஒரு மொண்டிக் கையும் தயாராக வைத்திருக்கிறாள்.

"சொல்றேங்க" என்றான்.

அவள் கேட்ட விலை லாரிக்கு நாலு டயர் வாங்குகிற காசு. இவ்வளவு மலிவாகக் கேட்டதும் சந்தேகமாகத்தான் இருந்தது. காசை எண்ணி வைத்து, டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தபோது ஜன்னல் சாக்கின் ஓரத்தை விலக்கி வெளியே பார்த்தான். அறுத்த சோளத்தட்டை வரிசை வரிசையாகப் பனியில் குத்திட்டு நிற்க, அந்த வயலின் கடைசியில், வேலிக்குப் பக்கத்தில், ஒரு பொம்பிளை நின்றாள். பழுப்பு நிறத்தில் கணுக்கால் வரை அங்கி. தலையில் தொப்பி.

"பக்கத்து வீட்டம்மாவா? இந்தக் குளிர்ல நிக்கறாங்க."

ஓப்பல் பார்க்கவில்லை. கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது.

"மூஞ்சி தெரியுதா, முதுகு தெரியுதா?"

"முதுகு."

"சாக்க விடு" என்றாள்.

*

ஏழு மைல் வண்டி ஓட்டினான். ஹீட்டர் வேலை செய்யவில்லை. பக்கத்து இருக்கையில் டப்பா ஒவ்வொரு பள்ளத்துக்கும் குதித்துக் கிணுகிணுத்தது. ஒரு தாள்தான் உள்ளே இருக்கிறது. ஒரு தாளுக்கு ஏன் இப்படிக் கிணுகிணுக்க வேண்டும் என்று யோசித்தான். டப்பாவின் மூடி தளர்வு என்று பதில் சொல்லிக்கொண்டான். முட்டை வாடை வண்டிக்குள் இருந்தது. கண்ணாடியை இறக்கினான். குளிர்தான் உள்ளே வந்தது, வாடை போகவில்லை.

ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் வலது பக்கம் ஹூவர் குடும்பத்தின் மேய்ச்சல் நிலம். அங்கே மாடுகள் எல்லாம் ஒரு மூலையில் நெருக்கியடித்து நின்றன. ஓநாய் வந்தால் நிற்பதுபோல. அந்தப் பக்கம் ஓநாய் கிடையாது. நிலத்தின் நடுவில் பழுப்பு அங்கி. முதுகு.

வண்டியின் வேகத்தைக் குறைத்தான். இப்போது அவள் பண்ணையில் பார்த்ததைவிடப் பக்கம். தோளுக்கு மேலே, பின்பக்கமாக, ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கம்பு போல.

பின்னால் ஒரு பால் லாரி ஹாரன் அடித்தது. கால் பதறி மிதித்தான். திரும்பிப் பார்க்கையில் வளைவு வந்துவிட்டது.

வெர்ஜிலுக்கு ஒரு தங்கச்சி மகள் இருக்கிறாள். கோடைத் திருவிழாக்களில் லோட்டி மாதிரி வேஷம் கட்டி ஃபோட்டோவுக்கு நிற்பவள். டெல்மர் அவளைப் பார்த்திருக்கிறான். அவளை வண்டியில் முன்னால் அனுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். நான் பயந்து தாளைத் தொடாமல் கைமாற்றிவிட வேண்டும். மணி இல்லை என்பது கடைசி ஆள் கையில் போய்த்தான் தெரிய வேண்டும். அப்போது யார் மாட்டுவான்? டெல்மர்தான்.

கோபம் வந்ததும் உடம்பு கொஞ்சம் சூடானது. கோபத்தோடு வீடு வந்து சேர்ந்தான்.

ஊர்க்கோடியில் வாடகை வீடு. பெண்டாட்டி போனபிறகு அவனும் மரச்சாமான்களும்தான். சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே மேற்கு பார்த்த ஜன்னல். அதற்குப் பக்கத்தில் லோட்டியின் ஆட்ட நோட்டீஸ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. முதுகைக் காட்டி நிற்கிற பெண், தோள்மேல் துப்பாக்கி, கையில் கண்ணாடி. கண்ணாடிக்குள் ஓவியன் முகம் வரையவில்லை. வெள்ளையாக விட்டிருந்தான். ஒன்பது வருஷமாக இதைப் பார்க்கிறான், இன்றைக்குத்தான் அது உறுத்தியது.

பீன்ஸைச் சூடு பண்ணினான். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

நாலு மணிக்கு ஃபோன் அடித்தது. மெர்ல் ஹாக்கின்பெர்ரி. கொலம்பஸில் இருக்கிற சேகரிப்பாளன். லோட்டி விஷயத்தில் அவன் சொல்தான் கடைசி.

"கெடச்சுதாடா?"

"கெடச்சுது. ஆஸ்பத்திரிலேர்ந்து எழுதினது. ஆமோஸுக்கு."

"மணி இருக்கா?"

"கையெழுத்து சுத்தமா அவளோடதுதான். மையும்..."

"கையெழுத்து போன தடவயும் சுத்தமாத்தான்டா இருந்துச்சு."

போன தடவை. மூன்று வருஷம் முன்பு, கண்காட்சிக் கூடத்தில், இருநூறு பேர் முன்னால், டெல்மர் விற்ற கடிதத்தை மெர்ல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். "மணி எங்கடா டெல்மர்? கசாப்புக் கடையில மறந்து வச்சிட்டியா?" கூடமே சிரித்தது. டெல்மரும் ஏமாந்தவன்தான், வாங்கும்போது சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். யாரும் நம்பவில்லை. அதற்கப்புறம் அவன் மேசைக்கு ஒருத்தனும் வந்து நின்றதில்லை.

"நாளைக்கு ஏல லிஸ்ட் அச்சுக்குப் போகுது" என்றான் மெர்ல். "அஞ்சு மணிக்குக் கூப்புடறேன். மணிய உன் கண்ணால பாத்தேன்னா பாத்தேன்னு சொல்லு, உன் பேரப் போட்டே சேக்கறேன். பாக்கலன்னா ஃபோனையே எடுக்காத. இனிமே எங்கிட்டப் பேசவும் பேசாத. புரியுதா?"

"அந்தப் பொம்பள தூக்கிப் பாக்கக் கூடாதுங்கறா."

மெர்ல் வெடித்துச் சிரித்தான். "சொல்லத்தானடா செய்வா! சாக்கத் தொறந்து பாக்காதன்னு சொல்லிக் கோழிய வித்தா, உள்ள என்னடா இருக்கும்? காக்காதான் இருக்கும்."

*

டெல்மர் முட்டாள் இல்லை. தூக்காமலே பார்க்க வழி தேடினான். நோட்டீஸ் சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றினான். இரண்டு நாற்காலிக்கு நடுவே பாலம் போல வைத்தான். டப்பாவிலிருந்து தாளை, ஓப்பல் செய்ததுபோலவே, ரொட்டிக் கத்தியால் ஏந்தி அதன்மேல் சரித்தான். கீழே மேசை விளக்கை வைத்துத் தரையில் படுத்து, மேலே ஏறி, பக்கவாட்டில் சாய்ந்து, எல்லா விதமாகவும் பார்த்தான். மஞ்சள் வெளிச்சத்தில் மை வரிகள் ஒன்றோடொன்று கலந்து வலை போலத் தெரிந்தன. ஐந்து ஓட்டையிலும் விளக்கு ஐந்து புள்ளியாக எரிந்தது. நடுவில் ஒரு நிழல். மணியாக இருக்கலாம். காப்பிக் கறையாகவும் இருக்கலாம்.

டேப் போட்டு ஜன்னலில் ஒட்டலாமா? டேப் பட்ட காகிதத்தை மெர்ல் குச்சியால்கூடத் தொடமாட்டான்.

நாலு நாற்பது.

பாத்தேன் என்று பொய் சொல்லலாம். மணி இருந்துவிட்டால் பிழைத்தான். இல்லாவிட்டால்? மறுபடி அந்தக் கூடம், அந்தச் சிரிப்பு. இந்தத் தடவை ஏமாந்தவன் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது.

வீடு அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரமாகவே அமைதிதான் என்று இப்போதுதான் உறைத்தது. பக்கத்து வீட்டு நாய், யார் போனாலும் வந்தாலும் குரைத்துத் தொலைக்கிற நாய், நாலு மணியிலிருந்து சத்தமே இல்லை. கூரையிலிருந்து உருகிச் சொட்டிக்கொண்டிருந்த பனிகூடச் சொட்டுவதை நிறுத்தியிருந்தது. முட்டை வாடை மட்டும் சமையலறை முழுக்க, திரைச்சீலையில், பீன்ஸ் சட்டியில், அவன் சட்டைக் காலரில்.

தொட்டிக்கு மேலே ஜன்னல் வழியே பார்த்தான்.

கொல்லையில், விறகு அடுக்குக்கு இந்தப் பக்கம், அவள் நின்றாள்.

பழுப்பு அங்கியின் முதுகுத் தையல் தெரிந்தது. தொப்பிக்கு அடியில் கொண்டை. வீட்டிலிருந்து முப்பது தப்படி இருக்கும். அவ்வளவுதான் அந்தக் கொல்லையின் நீளமே. பனி கொட்டிச் சமமாகக் கிடந்தது. அவள் நிற்கிற இடத்துக்கு வந்த கால்தடம் எந்தப் பக்கமும் இல்லை.

காத்து அடிச்சு மூடியிருக்கும், என்றது மனசு. காற்றே இல்லை, என்றது காது.

ஜன்னலைக் கொஞ்சம் உயர்த்தினான். "ஏய்! யாரும்மா அது? வெர்ஜில் அனுப்பிச்சாரா?"

அவள் அசையவில்லை. குரல் பனியில் போய் அப்படியே அமுங்கியது.

"போலீஸக் கூப்புடுவேன்! வேஷம் கட்டறதுக்கு ஒரு அளவு இல்லியா?"

ஜன்னலை இறக்கினான். கொக்கியையும் மாட்டினான். ஆனால் பயத்துக்கு நடுவிலேயே அந்தப் பழைய கோபம் தலையைத் தூக்கிக்கொண்டு வந்தது. எவ்வளவு செலவழித்திருக்கிறார்கள்! ஒரு தாளைத் தூக்கிப் பார்க்காமல் இருக்க எவ்வளவு ஏற்பாடு! உண்மையான தாளுக்கு யாராவது இவ்வளவு பாடுபடுவார்களா? இருநூறு பேர் சிரித்தபோது தலையைக் குனிந்து வெளியே போனவன் இந்த ஒருத்தியின் முதுகைப் பார்த்தும் குனிய வேண்டுமா? முதுகுதானே. பார்க்கட்டும். நான் பார்க்கிறதை அவளும் நின்று பார்க்கட்டும்.

நாலு ஐம்பத்தைந்து. வெயில் சரிந்து நேராக ஜன்னலுக்குள் விழுந்தது. காகிதம் பார்க்க இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது.

கண்ணாடிமேல் கிடந்த தாளின் மேல் ஓரத்தை வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தான். ஒன்பது வருஷமாக ஆயிரம் காகிதத்தைப் பிடித்ததுபோலவே. முகத்துக்கு நேரே தூக்கினான்.

மணி இருந்தது.

தாளின் நடுவில், பால் போல வெளுத்து, நாக்கும் வளையமும் தெளிவாக. அதைச் சுற்றி ஐந்து ஓட்டை. ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரி ஐந்தும் நெருக்கமாக, ஆறாவதற்கு ஒரு இடம் விட்டு. டெல்மருக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. உண்மை. எல்லாம் உண்மை. ஓப்பல் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

ஒரு வார்த்தைகூட.

சிரிப்பு நின்றது.

கையை இறக்கப் பார்த்தான். தோள் இறங்க மறுத்தது. விரல்கள் பூட்டிக்கொண்டிருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டியும் தாளைக் கவ்வியபடி, காலையில் கோப்பையைப் பிடித்ததுபோலவே. விடு, என்றான். விடவில்லை. இடது கையைக் கொண்டுபோய் நெம்ப வேண்டும். நெம்பினால் டொக்கென்று குதிக்கும். குதித்தால் கை ஆடும்.

ஆட்டாதே.

அப்படியே நின்றான்.

மூன்றாவது ஓட்டை அவன் வலது கண்ணுக்கு நேரே இருந்தது. அதன் வழியே கொல்லை தெரிந்தது. வட்டமாக, சின்னதாக. விறகு அடுக்கு. பனி. பழுப்பு முதுகு. தோள்மேல் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது கம்பு இல்லை. அதன் வாய் சின்னக் கறுப்புப் பொட்டாக இவனை நோக்கியே இருந்தது. பண்ணையிலும் அப்படித்தான் இருந்திருக்கும். பாலத்துக்கிட்டேயும்.

முதுகு திரும்பிய ஆள் நம்மைப் பார்க்கவில்லை என்று எவன் சொன்னது?

அவள் இடது கை மெதுவாக உயர்ந்தது. உள்ளங்கையில் ஏதோ மின்னியது. வெயில் அதில் பட்டுச் சமையலறைக்குள் வந்தது. ஒரு காசு அளவு வெளிச்சம். சுவரில் ஏறியது. கண்ணாடி கழற்றிய நோட்டீஸ்மேல் ஊர்ந்தது. அவன் சட்டைக் கைமேல் வந்தது. மணிக்கட்டு. விரல். நின்றது.

ஆலையில் ஆடாமல் நின்ற மாட்டுக்கு வலி கிடையாது. ஒரு டக். அவ்வளவுதான். தலையைத் திருப்புகிற மாட்டைத்தான் அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆடாதே. ஆமோஸ் ரெண்டு தடவ நின்னான். அந்தக் குடிகாரன் நின்னான். நீயும் நில்லு.

வலி முழங்கையிலிருந்து ஏறியது. இருபத்திரண்டு வருஷத்து வலி. கட்டைவிரலின் அடியில் ஒரு நரம்பு துடித்தது. தாளின் கீழ் ஓரம், மிக லேசாக, நடுங்கியது. மூச்சை அடக்கினான். நடுக்கம் நிற்கவில்லை. ஓட்டைக்குள் அந்த முதுகு இடமும் வலமும் ஆடியது. இல்லை. அவள் ஆடவில்லை.

அவள் கையிலிருந்த கண்ணாடிக்குள் இப்போது பார்க்க முடிந்தது. அங்கே முகம் இல்லை. ஒரு ஜன்னல். ஜன்னலில் ஒரு கை.

ஐந்து மணி.

சுவரில் ஃபோன் அலறியது.

தாள் துள்ளியது. வெளிச்சம் விரலைவிட்டு நகர்ந்தது. மெல்ல மேலே ஏறி, மூன்றாவது ஓட்டைக்கு வந்து, அதற்குப் பின்னால் இருந்த கண்ணில் நின்றது.

ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் முதுகு அசையவில்லை. அவசரப்படுகிறவளாகவும் தெரியவில்லை. லோட்டி கேர்ன்ஸ் ஆமோஸ் வைசாங்குக்கு வைத்த பாக்கி, இன்னும் ஒரு குண்டு.